“என்ன விசேஷம்?” - மதுரையில் மூன்று தோழிகள், மூன்று நாள்கள்

“மதுரைக்கா? என்ன விசேஷம்?”

ரயில் டிக்கெட் போட்டுத் தரச் சொன்னபோது மகன் கேட்டான். மூன்று நாளைக்கு மாவரைத்து, வத்தக்குழம்பு வைத்து ஃப்ரிட்ஜில் அடுக்கியபோது கணவர் கேட்டார். “யாருக்கு அத்தை கல்யாணம்?” என்றார் மருமகள். பையோடு படி இறங்கும்போது எதிர் ஃபிளாட் அம்மாவும் கேட்டுவிட்டார். நான்கு பேருக்கும் ஒரே பதில். “ஒரு விசேஷமும் இல்லை. சும்மா, ஃப்ரெண்டைப் பார்த்துட்டு வரலாம்னு.”

ஐம்பத்தெட்டு வயதுப் பெண்மணி ஒருவர் சும்மா ஊருக்குப் போகிறார் என்றால் நம் வீடுகளில் அவ்வளவு சீக்கிரம் நம்ப மாட்டார்கள். கல்யாணம், காதுகுத்து, வளைகாப்பு, குலதெய்வம், ஆஸ்பத்திரி, துக்கம். இந்த ஆறில் ஒன்று இல்லாமல் பை கட்டினால் கோபித்துக்கொண்டு கிளம்புகிறாரோ என்றுதான் தோன்றும். சென்னைத் தோழிக்குக் கல்யாணமாகி 33 வருடங்களில் இதுதான் முதல் ‘சும்மா’ பயணம். (மூவருமே பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் ஊர்ப் பெயரே இருக்கட்டும்.)

உண்மையைச் சொன்னால், அது முழுக்க ‘சும்மா’வும் இல்லை.

1984-ல் மதுரையில் ஒரு பெண்கள் கல்லூரி விடுதியில் ஒரே அறையில் இருந்தவர்கள் இந்த மூன்று பேரும். மூன்று கட்டில், ஒரு மேஜை, சத்தம் போடும் ஒரு ஃபேன். படிப்பு முடிந்து சில வருடங்களில் ஒருவர் சென்னைக்கும் ஒருவர் கோவைக்கும் வாக்கப்பட்டுப் போக, மூன்றாமவர் மதுரையிலேயே தங்கிவிட்டார். முதலில் இன்லேண்ட் லெட்டர், அப்புறம் எஸ்.டி.டி. பூத், அப்புறம் செல்போன். கடைசியில் மூன்றே பேர் உள்ள ஒரு வாட்ஸ்அப் குரூப்.

2021 மே மாதம், கொரோனா இரண்டாம் அலையில், மதுரைத் தோழியின் கணவர் ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்து இறந்துபோனார். தமிழகம் முழுக்க ஊரடங்கு. செய்தி குரூப்பில்தான் வந்தது. கோவைத் தோழி அன்றே போன் போட்டார். பேச்சு வராமல் இருவரும் அழுதார்கள். சென்னைத் தோழி வீட்டில் அப்போது கணவருக்கும் மாமியாருக்கும் காய்ச்சல். ‘ஆழ்ந்த இரங்கல்’ என்று இரண்டே சொல் தட்டி, பக்கத்தில் ஒரு கும்பிடும் கையைப் போட்டார். அப்புறம் கூப்பிட்டுப் பேசலாம் என்று நினைத்தார்.

அந்த ‘அப்புறம்’ வரவே இல்லை. ஒரு வாரம் தள்ளிப் போனதும் கூப்பிடக் கூச்சம். ஒரு மாதம் போனதும் பயம். ஊரடங்கு முடிந்து பஸ், ரயில் எல்லாம் ஓட ஆரம்பித்த பிறகும் எந்த முகத்தை வைத்துக்கொண்டு போவது என்று தெரியவில்லை. நடுவில் திருநெல்வேலியில் ஒரு கல்யாணத்துக்குப் போகும்போது, ராத்திரி மதுரை ஸ்டேஷனில் ரயில் நின்ற அந்தச் சில நிமிடங்கள் ஜன்னல் ஷட்டரை இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்தாராம்.

கல்யாணத்துக்கு வராதவரை நம் ஊரில் மன்னித்துவிடுவார்கள். துக்கத்துக்கு வராதவரை லேசில் விடமாட்டார்கள். இத்தனைக்கும் மதுரைத் தோழி ஒரு வார்த்தை கேட்கவில்லை. தினமும் காலை வணக்கம் வந்துகொண்டுதான் இருந்தது. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

பொறுக்க முடியாமல் உடைத்தவர் கோவைத் தோழி. “நான் நடுவால நின்னுட்டு எத்தனை நாளைக்கு ரெண்டு பேருக்கும் சமாதானம் சொல்லிட்டு இருக்கிறது? டிக்கெட்டைப் போட்டுப்போடு. நானும் வந்தர்றேன்.”

பையில் என்ன எடுத்துப் போவது என்பது அடுத்த பிரச்னை. துக்கம் கேட்கப் போகிற வீட்டுக்கு ஸ்வீட்டும் பூவும் கூடாது. நான்கு வருடம் ஆகப்போகிற நேரத்தில் வெறுங்கையோடு போவதும் நன்றாக இருக்காது. கடைசியில் அரைக் கிலோ காபிப் பொடி வாங்கினார். காபிப் பொடிக்குச் சாஸ்திரத்தில் தடை எதுவும் இல்லை! அவர்கள் வீட்டு வழக்கப்படி செவ்வாயும் வெள்ளியும் துக்கம் விசாரிக்க ஆகாது என்பதால் வியாழக்கிழமை போய்ச் சேருகிற மாதிரி பாண்டியன் எக்ஸ்பிரஸில் டிக்கெட். விசேஷம் இல்லை என்று சொன்னவர் காலண்டரைப் பார்த்துத்தான் நாள் குறித்திருந்தார்.

மருமகள் மட்டும் சந்தோஷமாகக் கூகுளில் தேடி, மதுரையில் பார்க்க வேண்டிய 14 இடங்கள் என்று ஒரு பட்டியல் அனுப்பிவைத்தார்.

வியாழன்: விளக்குத்தூணும் சிம்மக்கல்லும்

துக்க வீட்டில் வருகிறவரை ‘வாங்க’ என்று சொல்ல மாட்டார்கள். கிளம்புகிறவரும் ‘போயிட்டு வர்றேன்’ என்று சொல்லக் கூடாது. எழுந்து சத்தமில்லாமல் நடந்துவிட வேண்டும். விடியும் முன் மதுரை ஸ்டேஷனில் இறங்கும்போது சென்னைத் தோழியின் காதுகள் அந்த ஒரு சொல்லுக்காகத்தான் காத்திருந்தன.

மதுரைத் தோழி பிளாட்பாரத்திலேயே நின்றிருந்தார். கையைப் பிடித்தார். பையை வாங்கிக்கொண்டார். “என்னாடி, இம்புட்டு நரைச்சுப் போச்சு?” என்றார். ஆட்டோ நரிமேடு போய்ச் சேரும்வரை ரயிலில் தூக்கம் வந்ததா, மேல் பெர்த்தா, கீழ் பெர்த்தா என்றே பேச்சு. வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதும் ‘வா’ என்று அவர் சொல்லவில்லை.

ஹாலில் படம். சந்தனப் பொட்டு, பிளாஸ்டிக் மாலை, ஒரு சின்னச் சிவப்பு பல்ப். சென்னைத் தோழி அதன் முன் நின்றார். “காபி ஆறுது” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

பத்து மணிக்கு கோவைத் தோழி ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி வந்ததும் வீடு மாறிவிட்டது. இட்லியும், மதுரைக்கே உரிய தண்ணிச் சட்னியும். கெட்டிச் சட்னி போட்டு இட்லியைப் புதைக்கிற ஊர்க்காரர்களுக்கு இது புரியாது. இட்லி அந்தச் சட்னியில் மிதக்க வேண்டும். சாப்பாட்டு மேஜையிலேயே ஒன்றரை மணி நேரம் ஓடியது. மருமகள் பட்டியலில் முதல் இடம் அப்போதே தள்ளிப்போனது.

மதியம் தல்லாகுளம் பக்கத்து மெஸ் ஒன்றில் அயிரை மீன் குழம்பு. விரல் அளவுகூட இல்லாத இந்த மீனை உயிரோடு வாங்கி, வயிற்றில் உள்ள மண்ணைக் கக்கவைத்து, உரசிக் கழுவிச் சுத்தம் செய்வதற்குள் கை ஓய்ந்துவிடும். அதனாலேயே வீட்டில் வைப்பதை விட்டுவிட்டு மெஸ்ஸில் போய்ச் சாப்பிடுகிறவர்கள் அதிகம். சாப்பிட்டு வந்து மூவரும் ஹாலில் பாய் விரித்துப் படுத்துவிட்டார்கள். ஊர் சுற்ற வந்தவர்கள் பகலில் தூங்கலாமா என்று கேட்டால், மதுரையில் தூங்கலாம். மீனாட்சியம்மன் கோயிலே மதியம் பன்னிரண்டரைக்கு நடை சாத்தினால் நான்கு மணிக்குத்தான் திறக்கும். ஆத்தாளே ஓய்வெடுக்கிற நேரம்.

சாயங்காலம் விளக்குத்தூண். மதுரையின் வீதிகள் தெரிந்தால் பாதி மதுரை தெரிந்த மாதிரி. கோயில் மதிலுக்குள்ளே ஆடி வீதி, வெளியே சித்திரை வீதி, அதைச் சுற்றி ஆவணி மூல வீதி, அப்புறம் மாசி வீதி, கடைசியில் வெளி வீதி. திருவிழா மாதங்களின் பெயரிலேயே வீதிகள். வெளி வீதிகள் இருக்கும் இடத்தில் ஒரு காலத்தில் கோட்டைச் சுவரும் அகழியும் இருந்தன. 1840-களில் கலெக்டராக இருந்த பிளாக்பர்ன் கோட்டையை இடித்து ஊரைப் பெரிதாக்கினார். அவர் நினைவாக நட்டதுதான் விளக்குத்தூண். அந்த வேலையைப் பார்த்த சர்வேயர் மாரட் பெயரிலும், பெருமாள் மேஸ்திரி பெயரிலும் இன்றைக்கும் வீதிகள் இருக்கின்றன. கலெக்டர் பெயர் எத்தனை பேருக்குத் தெரியுமோ, ஜவுளி வாங்க வருகிற எல்லோருக்கும் மேஸ்திரி பெயர் தெரியும்!

முதலில் சுங்குடி பார்த்தார்கள். மதுரையில் தலைமுறைகளாக வாழும் சௌராஷ்டிரர்களின் கைவேலை இது. துணியைச் சின்னச் சின்னதாகக் கிள்ளி நூலால் முடிச்சுப் போட்டு, சாயத்தில் முக்கி, காய்ந்ததும் முடிச்சுகளை அவிழ்த்தால் புள்ளிகள் கிடைக்கும். மதுரை சுங்குடிக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. ஆனாலும் கடைகளில் தொங்குவதில் பெரும்பாலானவை அச்சுப் போட்டவை. புள்ளிகள் எல்லாம் ஒரே அச்சாக இருந்தால் கைமுடிச்சு இல்லை என்று அர்த்தம். ஒன்று பெரிதாக, ஒன்று சின்னதாக, ஒன்று கொஞ்சம் கோணலாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். கோவைத் தோழி கோணல் புள்ளிகளைத் தேடி ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டார்.

விடுதிக் காலத்தில் கண்ணாடி வளையலும் பழைய புத்தகமும் வாங்கிய புது மண்டபத்துக் கடைகள் இப்போது அங்கே இல்லை. பக்கத்திலுள்ள குன்னத்தூர் சத்திரத்துக்குப் போய்விட்டன. திருமலை நாயக்கர் கட்டிய அந்த மண்டபத்துத் தூண்கள் துணி மூட்டைகள் இல்லாமல் எப்படி இருக்கும் என்பதை இந்தத் தலைமுறைதான் பார்க்கிறது. நல்லதுதான். என்றாலும் தையல் மெஷின் சத்தம் இல்லாத புது மண்டபம், பழகியவர்களுக்கு வேறு இடம் மாதிரிதான் இருக்கிறது.

அப்புறம் ஜிகர்தண்டா. சுண்டக் காய்ச்சிய பால், ஊறி உப்பிய பாதாம் பிசின், நன்னாரி சர்பத், மேலே பழுப்பு நிறத்தில் பால் ஐஸ்க்ரீம். எல்லா ஊரிலும் இப்போது கிடைக்கிறது. ஆனால் பாலைச் சுண்டவிடுவதற்குப் பொறுமையில்லாத கடையில் அது வெறும் ரோஸ் மில்க்கின் தம்பி. ரோட்டோரம் நின்றே குடித்தார்கள். “அப்பல்லாம் ஒண்ணு வாங்கி மூணு டம்ளர்ல ஊத்துவோம், ஞாபகம் இருக்கா?” என்றார் மதுரைத் தோழி. மூன்றாவது டம்ளரில் அடியில் நிற்கும் பாதாம் பிசினுக்காக நடந்த சண்டைகள் எல்லாம் வரிசையாக வந்தன.

இனி ராத்திரி சாப்பாடே வேண்டாம் என்று சொன்ன மூவரும், ஒன்பதரை மணிக்குச் சிம்மக்கல்லில் கறி தோசைக்கு உட்கார்ந்திருந்தார்கள். தடியாக ஊற்றிய தோசை, மேலே முட்டை, அதற்கும் மேலே கொத்துக்கறி. ஒரு தோசை மூன்று பேருக்குப் போதும். இரண்டு வாங்கினார்கள்.

எல்லாம் பேசினார்கள். மருமகள், முட்டிவலி, பென்ஷன், விடுதி வார்டன். ஒன்றைத் தவிர.

வெள்ளி: செல்போன் இல்லாத மாலை

மறுநாள் காலை காந்தி மியூசியத்துக்கு நடந்தே போனார்கள். ராணி மங்கம்மாளின் தமுக்கம் அரண்மனைதான் 1959-ல் மியூசியம் ஆனது, திறந்துவைத்தவர் நேரு. காந்திக்கும் மதுரைக்கும் உள்ள தொடர்பை வெளியூர்க்காரர்கள் சிலருக்கு நினைவுபடுத்த வேண்டியிருக்கிறது. 1921 செப்டம்பரில் மேல மாசி வீதியில் தங்கியிருந்தபோதுதான் அவர் மேல்சட்டையை விட்டு அரைவேட்டிக்கு மாறினார். எல்லோரையும் உள்ளே விடாத மீனாட்சியம்மன் கோயிலுக்குள் அவர் நுழையவில்லை. 1939 ஜூலை 8-ம் தேதி வைத்தியநாத அய்யர் முன்னின்று ஆலயப் பிரவேசம் நடத்திய பிறகு, 1946-ல் வந்தபோதுதான் உள்ளே போய்க் கும்பிட்டார்.

அந்த மியூசியத்தில் எல்லோரும் ஒரு நிமிடமாவது நிற்கும் இடம், சுடப்பட்ட அன்று காந்தி உடுத்தியிருந்த, ரத்தக்கறை படிந்த துணி. மதுரைத் தோழி அதைப் பல தடவை பார்த்தவர். பள்ளிப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வருடத்துக்கு ஒரு தடவை வந்த டீச்சர் அவர். அன்றைக்கு அந்தக் கண்ணாடிப் பெட்டி முன்னால் நெடுநேரம் நின்றார். மற்ற இருவரும் வெளியே மரத்தடியில் போய் உட்கார்ந்துவிட்டார்கள்.

திருமலை நாயக்கர் மகாலில் அரை மணி நேரம்தான். 1636-ல் கட்டிய அரண்மனையில் இன்று நிற்பது ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு. நாயக்கரின் பேரன் சொக்கநாதர் பெரும்பகுதியை இடித்துத் திருச்சிக்குக் கொண்டுபோக, மிஞ்சியதைப் பிற்பாடு கவர்னர் நேப்பியர் பழுதுபார்த்தார். மிஞ்சியதே இவ்வளவு பெரிது. ‘பம்பாய்’ படத்தின் ‘கண்ணாளனே’ பாட்டு எடுத்த தூண்கள் எவை என்று கோவைத் தோழி தேடிக்கொண்டிருக்க, முட்டிவலிக்காரரான சென்னைத் தோழி படியில் உட்கார்ந்துவிட்டார். வெயில் ஏறியது, வீடு திரும்பினார்கள், தூங்கினார்கள்.

நான்கு மணிக்கு மேலச் சித்திரை வீதி கோபு அய்யங்கார் கடையில் வெள்ளையப்பமும் பச்சை மிளகாய்ச் சட்னியும். கோயிலுக்குப் போகும் முன் இது ஒரு கணக்கு.

கோபுர வாசலுக்குப் போகும் வழியில் பூக்காரம்மா கூப்பிட்டார். “மல்லி வாங்கிட்டுப் போங்கக்கா. எத்தனை மொழம்?”

மதுரை மல்லிக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. இதழ் தடிமனாக இருப்பதால் பூ வாடத் தாமதமாகும். வாசனை அதற்கும் மேல். விடுதி அறையில் மூன்று பேருக்கும் ஒரே பந்தில் வாங்கிக் கிள்ளிக்கொண்ட பூ. சென்னைத் தோழிக்கு ‘மூணு மொழம்’ என்று நாக்கு வரை வந்தது. வெளியே வரவில்லை. ‘ரெண்டு’ என்று சொல்வதும் முடியவில்லை. பர்ஸைத் திறந்து, இல்லாத சில்லறையைத் தேட ஆரம்பித்தார்.

“மூணு மொழம் குடும்மா” என்றார் மதுரைத் தோழி. ஒரு முழத்தை வாங்கி இரண்டாகக் கிள்ளினார். பாதியை இலையில் சுருட்டிப் பைக்குள் வைத்தார். “இது அவருக்கு.” மறு பாதியைத் தலையில் செருகிக்கொண்டார். “அவரு வர்றதுக்கு முன்னாடி இருந்தே வச்ச பூவுடி இது. என்னாத்துக்கு முழிக்கிற? காசக் குடு.”

2018 பிப்ரவரியில் வீரவசந்தராயர் மண்டபத்தில் தீப்பிடித்த பிறகு, கோயிலுக்குள்ளே இருந்த கடைகள் போய்விட்டன. செல்போனும் கொண்டுபோகக் கூடாது. மூன்று போன்களையும் கவுன்டரில் கொடுத்து டோக்கன் வாங்கினார்கள். இந்தத் தடையைத் திட்டுகிறவர்கள் உண்டு. ஆனால் தமிழ்நாட்டில் மூன்று பேர் இரண்டு மணி நேரம் போன் இல்லாமல் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வேறு இடம் எது?

பதினான்கு கோபுரங்களில் பெரியது தெற்குக் கோபுரம். சுமார் 170 அடி. அது நன்றாகத் தெரியும் இடம் பொற்றாமரைக் குளத்தின் வடக்குப் படிக்கட்டு. வெள்ளிக்கிழமை என்பதால் மேற்குக் கரை ஊஞ்சல் மண்டபத்தில் மீனாட்சிக்கும் சொக்கருக்கும் ஊஞ்சல் சேவை. கூட்டம் அங்கே திரும்பியிருக்க, படிகளில் இடம் கிடைத்தது. ஆயிரங்கால் மண்டபத்துக்குப் போகலாமா, அங்கே தூண்கள் 985 தானாமே என்று கோவைத் தோழி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார்.

“அன்னிக்கு உன் கூட யார் இருந்தா?” என்று கேட்டார் சென்னைத் தோழி.

மன்னிப்பு என்ற சொல் இல்லை. நான்கு வருடமாக மனதுக்குள் எழுதிவைத்திருந்த எதுவும் இல்லை. இந்தக் கேள்விதான் வந்தது.

மதுரைத் தோழி கொஞ்ச நேரம் தண்ணீரையே பார்த்தார். அப்புறம் சொல்ல ஆரம்பித்தார். யாருமே இல்லை. வீட்டுக்குக் கொண்டுவரவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து நேரே தத்தனேரி. மகன் பெங்களூரிலிருந்து இ-பாஸ் வாங்கி வந்து சேர்ந்து, தூரத்தில் நின்று ஒரு கவர் சுற்றிய உருவத்தைப் பார்த்தான். தனக்கும் தொற்று என்பதால் இவருக்கு அதுவும் இல்லை. துக்கம் கேட்க ஒரு ஆள் வரவில்லை, வரவும் கூடாது. தினமும் மதியம் கேட் கம்பியில் யாரோ ஒரு சாப்பாட்டுத் தூக்கை மாட்டிவிட்டுப் போனார்கள். பதினைந்து நாள். மூன்றாவது வீட்டு அம்மா என்பது பிற்பாடுதான் தெரிந்தது.

“வரலைன்னு உன் மேல கோவம் இல்லடி. அப்ப எவளும் வந்திருக்க முடியாது” என்றார். “எல்லாம் திறந்த பெறகு, ஒரு வருசம் பார்த்தேன். ரெண்டு வருசம் பார்த்தேன். கோயம்புத்தூர்க்காரி முதல் தெவசத்துக்கு வந்தா. நீ அப்பவும் வரல. அதுதான்.”

“எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வர்றதுன்னு தெரியலடி.”

“இருக்கிற மூஞ்சியத்தான் வச்சுக்கிட்டு வரணும். வேற மூஞ்சிக்கு எங்க போக?”

கோவைத் தோழிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. பக்கத்துப் படியில் இருந்த ஒரு குடும்பம் திரும்பிப் பார்த்தது.

இன்னொன்றும் சொன்னார் மதுரைத் தோழி. ஆஸ்பத்திரியில் அவர் கணவரின் பையைக் கட்டிக் கொடுத்திருந்தார்கள். அது நான்கு வருடமாக பீரோ மேலேயே இருக்கிறது. இன்னும் பிரிக்கவில்லை.

அன்றைக்கு நடை சாத்தும்வரை இருந்தார்கள். கடைசியாகப் பள்ளியறை பூஜை. சொக்கநாதரின் பாதங்களைப் பல்லக்கில் வைத்து, மேளமும் சாமரமுமாக மீனாட்சியின் பள்ளியறைக்குக் கொண்டுவருகிறார்கள். மதுரையில் சாமிதான் அம்மன் வீட்டுக்கு வருவார். ‘எங்க ஊர்ல மீனாட்சி ஆட்சிதான்’ என்று ஆண்கள் அலுத்துக்கொள்வது இதை வைத்துத்தான். பல்லக்கு கடக்கும்போது மூவரும் கையெடுத்துக் கும்பிட்டார்கள். திரும்பி வந்து டோக்கனைக் கொடுத்துப் போன்களை வாங்கியபோது சென்னைத் தோழிக்கு ஏழு மிஸ்டு கால். வத்தக்குழம்பு எந்தத் தட்டில் இருக்கிறது என்று கேட்கத்தான்.

சனி: பார்க்காத இடங்கள்

மூன்றாம் நாள் கீழடி என்று முடிவாகியிருந்தது. மதுரையிலிருந்து சுமார் 12 கிலோமீட்டர்; 2023-ல் திறந்த அருங்காட்சியகம், செட்டிநாட்டு வீடு பாணியில் கட்டியது. கார் சொல்லியாகிவிட்டது. காலை காபி குடிக்கும்போது மதுரைத் தோழி பீரோவை நிமிர்ந்து பார்த்தார். “நீங்க இருக்கும்போதே பிரிச்சிரலாம்னு பாக்குறேன்” என்றார். கோவைத் தோழி காருக்குப் போன் போட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

ஸ்டூல் போட்டு ஏறி எடுத்தார்கள். ஒரு லுங்கி, இரண்டு பனியன், மூக்குக் கண்ணாடி, சார்ஜர், பாதி பிரித்த பிஸ்கட் பாக்கெட். பிஸ்கட் பொடிப் பொடியாகிப் பை முழுக்கக் கொட்டியிருந்தது. செல்போனைச் சார்ஜில் போட்டுப் பார்த்தார்கள்; உயிர் வரவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் படத்துக்குக் கீழே வைத்தார் மதுரைத் தோழி. லுங்கியையும் பனியனையும் சென்னைத் தோழி எடுத்துக்கொண்டுபோய் வாளியில் ஊறப்போட்டார். வாஷிங் மெஷின் இருக்கிறதே என்று யாரும் சொல்லவில்லை. கையாலேயே அலசி, மொட்டை மாடியில் உலர்த்தி, காற்றில் பறக்காமல் கிளிப் போட்டுவிட்டு வந்தார்.

மதியம் வீட்டுச் சமையல். வெண்டைக்காய் மோர்க்குழம்பு, அப்பளம்.

ஆக, மருமகள் தந்த 14 இடங்களில் அழகர்கோவில், திருப்பரங்குன்றம், யானைமலை, சமணர் மலை, கலைஞர் நூற்றாண்டு நூலகம் என்று பெரும்பகுதி அப்படியே நின்றது. ‘ஒரே நாளில் மதுரை’ என்று வீடியோ போடுகிறவர்கள் இதைப் படித்தால் தலையில் அடித்துக்கொள்வார்கள். அடித்துக்கொள்ளட்டும். அழகர்கோவில் பிரசாத தோசை மட்டும் விட்டுப்போனதில் கோவைத் தோழிக்குக் கொஞ்சம் வருத்தம்.

வெயில் தாழ்ந்ததும் தெப்பக்குளம். 1645-ல் திருமலை நாயக்கர் வெட்டிய குளம். இங்கே மண் தோண்டும்போது கிடைத்தவர்தான் மீனாட்சியம்மன் கோயிலில் இருக்கும் முக்குறுணி விநாயகர் என்பார்கள். இவர்கள் படித்த காலத்தில் இது வறண்டு கிடந்தது. நடுமண்டபத்தைச் சுற்றிப் பையன்கள் கிரிக்கெட் ஆடுவார்கள். இப்போது வைகைத் தண்ணீர் வருகிறது. கரை முழுக்கக் குடும்பம் குடும்பமாக ஜனம். “இதுல தண்ணி இருக்கிறத பார்க்க நாப்பது வருசம் ஆயிருச்சு நமக்கு” என்றார் கோவைத் தோழி.

தள்ளுவண்டியில் பருத்திப்பால் வாங்கினார்கள். பருத்தி விதையை ஊறவைத்து ஆட்டிப் பால் பிழிந்து, வெல்லம், சுக்கு, ஏலக்காய் போட்டுக் காய்ச்சியது. சூட்டோடு, தேங்காய்ப் பூவோடு குடிக்க வேண்டும். இந்தத் தடவை ஒன்று வாங்கி மூன்று டம்ளர் கேட்டார்கள். வண்டிக்காரர் ஒரு மாதிரி பார்த்தார். ஆனால் ஊற்றிக் கொடுத்தார்.

கோவைத் தோழியை ஆரப்பாளையத்தில் பஸ் ஏற்றியாகிவிட்டது. சென்னைத் தோழிக்கு ராத்திரி ரயில். பையை எடுக்க வீட்டுக்கு வந்தபோது மாடியில் துணி காய்ந்திருந்தது. மடித்து பீரோவுக்குள் வைத்தார்கள். ஆட்டோ வாசலில் வந்து நின்றது. காபிப் பொடி டப்பாவைத் திறந்து மோந்து பார்த்து, “நல்லாத்தான் இருக்கு, அடுத்த தடவை ஒரு கிலோவா வாங்கிட்டு வா” என்று கிச்சனிலிருந்து குரல் வந்தது.

சென்னைத் தோழி படத்தின் முன் ஒரு நிமிடம் நின்றார். வாடிப்போன பாதி முழம் மல்லி அதில் இன்னும் இருந்தது. செருப்பை மாட்டிக்கொண்டார். பழக்கம் தெரிந்தவர்தான். பேசாமல் படி இறங்கியவர், கேட் அருகில் நின்று திரும்பினார்.

“போயிட்டு வர்றேண்டி.”

மதுரைத் தோழி கையைத் துடைத்துக்கொண்டே வாசலுக்கு வந்தார்.

“வா” என்றார்.